வினிபிரட்டின் சுகம்

தேநீரில் சீனி போதாவிட்டால் சொல்லுங்கள், தம்பி. இந்த வீட்டில் சீனியைக் குறைத்தது வினிபிரட். போத்தலை எங்கே ஒளித்தாள் என்று தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும், ஆனால் எடுத்துத் தருவேன். தேநீரை நானே போட்டேன். பாரிசவாதம் வந்த கையால் போட்டது என்றால் நம்பமாட்டீர்கள். கோப்பை நடுங்காமல் வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

உள்ளே அவளைப் பார்த்துவிட்டீர்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி என்றதும் வயதான ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் என் மகன் றோகானைவிட இளையவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது, படுக்கையில் கிடந்து நெஞ்சில் சளி கட்டியது, நேற்றுக் காலை மூச்சு நின்றது. அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பேனையை மூடும்போது, "வேறை ஏதும் சொல்ல இருக்கோ, மாஸ்ரர்?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. அந்தக் கதிரையில் இருங்கள். மின்விசிறிக் காற்று அங்கேதான் வரும்.

நான் உடற்பயிற்சி ஆசிரியர். இங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இளமையில் ஈட்டி எறிவேன். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது உயிரோடு இருந்தால் நோர்மன் மாஸ்ரரின் கையைப் பற்றிச் சொல்வார்கள். வினிபிரட் அதே பள்ளிக்கூடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குச் சிறுவயது முதலே தொய்வு. மழைக்காலத்தில் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பது பக்கத்து அறைக்கும் கேட்கும். நோயாளிப் பெண்ணைக் கட்டுகிறான் என்று என் வீட்டில் கவலைப்பட்டார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இழுப்பு வரும்போது அவள் என் தோளைப் பிடிப்பாள். விரல்கள் பதியும்படி பிடிப்பாள். அந்தப் பிடியில் ஒரு மனிதனுக்குத் தான் யார் என்று தெரியும்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமச் சனம் முழுக்க வெளிக்கிட்ட அந்த மழையில் அவளைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனேன். றோகான் சின்னப் பையன், ஹாண்டிலில் தொங்கிய பையைப் பிடித்தபடி கூட நடந்தான். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியது. அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. என் முதுகில் சாய்ந்திருந்தாள். சாவகச்சேரியில் ஒரு தேவாலய மண்டபத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். "நீங்கள் இல்லாட்டி நான் வழியிலையே செத்திருப்பன்" என்றாள். சனங்களுக்கு அது கெட்ட நாள். எனக்கும் வீடு போனது. ஆனாலும் அப்படி நிறைவான ஒரு நாள் பிறகு எனக்கு வரவில்லை. இதை இன்றுதான் ஒருவருக்குச் சொல்கிறேன்.

அவள் மாறியது ஓய்வு பெற்ற பிறகு. ஸ்ரெல்லா என்று ஒருத்தி மெல்பேணிலிருந்து திரும்பி வந்து, எங்கள் சபையின் வயதான பெண்களுக்கு ஒரு வகுப்புத் தொடங்கினாள். ஆளுக்கு ஒரு தடித்த கொப்பி. தினமும் ஒரு பக்கம். கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை வரைந்து நிறம் தீட்ட வேண்டும், வேண்டுமானால் ஓர் இலையோ ரிக்கற்றோ ஒட்டலாம், கீழே அன்றைய உடம்பைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூனை வரையத் தெரியாதவள் வினிபிரட். சிரித்துக்கொண்டே போக விட்டேன்.

வரைவதற்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் முதலில் ஒரு கத்தரிக் கன்று நட்டாள். பின்வளவு நான் ஈட்டி எறிந்து பழகிய இடம். அதில் ஒரு மூலையைக் கேட்டாள், கொடுத்தேன். கத்தரிக்குப் பிறகு கீரை, பயித்தங்காய்ப் பந்தல், கறிமிளகாய், மதிலோரம் அன்னமுன்னா. கொத்துவாள், சுமப்பாள், தண்ணீர் அள்ளி ஊற்றுவாள். காலையில் கொக்குவில் ஸ்ரேசன் வரை நடந்துவிட்டு வருவாள். தொய்வுக்கு அடிக்கும் பம்ப் முதலில் சட்டைப் பையிலிருந்து கைப்பைக்குப் போனது, பிறகு மேசை லாச்சிக்குப் போனது. "மூச்சு நல்லம்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்தாள். ஒருநாள் குசினி மேல்தட்டிலிருந்த பெரிய சட்டியை எடுக்க நான் எழும்ப முன்னரே, தானே மர வாங்கில் ஏறி எடுத்துவிட்டாள். சின்ன விடயம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு எனக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை.

அவள் என்னைப் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். கட்டிலிலிருந்து என்னை நிமிர்த்துவாள். துவாயைத் தோளில் போட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவாள். மாலையில் என் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து, "இறுக்குங்கோ. இப்ப விடுங்கோ. இன்னொருக்கா" என்பாள். நான் பொடியன்களுக்குச் சொன்ன அதே குரல். சலிப்பே இல்லாத குரல். கிளினிக்கில் டொக்டர், "அங்கிள், அன்ரி மாதிரி ஒராள் பக்கத்திலை இருக்க நீங்கள் குடுத்து வைச்சிருக்கோணும்" என்றார். என்னைப் பார்க்க வருகிறவர்கள் கதிரையின் நுனியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அக்கா, உங்கடை தோட்டத்தைக் காட்டுங்கோ" என்று பின்பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கும்.

அந்தக் கொப்பிகளை நான் பார்க்காமலில்லை. அவள் நடக்கப் போகும் நேரத்தில் இடது கையால் புரட்டிப் பார்ப்பேன். வண்டு அரித்த இலை, பக்கத்து வீட்டுக் கோழி, தண்டவாளத்தில் நிற்கும் ஆடு, எல்லாம் இருந்தன. நான் இல்லை. ஒருநாள் அவளே ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டு வந்து என் மடியில் வைத்தாள். ஒரு கை. மடியில் மல்லாந்து கிடக்கும் கிழட்டுக் கை. கீழே, 'இவரின்ரை கை. இண்டைக்கு ரெண்டு விரல் அசைஞ்சது' என்று எழுதியிருந்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

"செத்த மீன் மாதிரி இருக்கு."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. எனக்கு இதுதான் எல்லாத்திலையும் பிடிச்ச படம்."

அவள் முகத்தில் மகிழ்ச்சிதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் நோயாளியாக இருந்த காலத்தில் நான் ஒரு நாளும் அவளைப் படம் வரைந்து ஊருக்குக் காட்டவில்லை.

ஊருக்குக் காட்டினார்கள். அறுவடைப் பண்டிகையன்று சபை மண்டபத்தில் நீளமான மேசை போட்டு அவளுடைய கொப்பிகளை விரித்து வைத்தார்கள். சனம் வரிசையில் நின்றது. என்னை மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். என்னிடம் படித்த ஒருவன் குனிந்து, "சேர், சுகமோ?" என்றான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, "ரீச்சர் வரைஞ்ச உங்கடை கையைப் பாத்தனான் சேர், அந்த மாதிரி வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டான். ஒருகாலத்தில் ஊர் பேசிய கை, தம்பி. இப்போது அது வினிபிரட்டின் கை.

அன்றைக்குத்தான் வல்வெட்டித்துறையில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வியாழக்கிழமைகளில் வந்து வரையப் பழக்கும்படி அவளைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் என் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"வியாழக்கிழமையிலை பக்கத்து வீட்டு நிரோஜா வந்து உங்களோடை இருப்பாள். நான் சமைச்சு வைச்சிட்டுத்தான் போவன்."

"தூரம்."

"பஸ்ஸிலை இருந்துதானே போறது. நான் இப்ப தூரத்துக்குப் பயப்பிடுறேல்லை."

அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். வகுப்பு இரண்டு மாதம் கழித்துத் தொடங்குவதாக இருந்தது. அந்த இரண்டு மாதத்தைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கிணற்றடிச் சீமெந்தைத் தேய்ப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் பிளீச்சிங் பவுடர் தூவி, தும்புத் தடியால் தேய்க்க வேண்டும். கைக்குப் பயிற்சி என்று அவள்தான் அதை எனக்கு ஒதுக்கியிருந்தாள். இடது கையால் பிடித்து, வலது கையை மேலே வைத்துத் தேய்ப்பேன். அந்த வேலையை விட்டேன். தும்புத் தடியை நனைத்துக் கொடியில் தொங்கவிடுவேன், அவ்வளவுதான். முதலில் அது வெறும் சோம்பல் என்றே நினைத்தேன்.

பிறகு பாசி படரத் தொடங்கியது. பாசிக்கும் பராமரிப்பு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வெயில் பட்டால் காய்ந்து உரிந்துவிடும். மதிலில் ஒரு தென்னோலைக் கிடுகைச் சாய்த்து நிழல் கொடுத்தேன். குளிக்கும் இடத்துக்கு மறைப்பு என்று சொன்னேன்; அவள் நன்றி சொன்னாள். மாலையில் அவள் கீரைப் பாத்தியில் குனிந்திருக்கும்போது, கால் கழுவுவதுபோல ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக அதன் மேல் ஊற்றுவேன். கரும்பச்சையாக, மெத்தென்று வந்தது. ஒன்றை நட்டு வளர்த்துப் பார்ப்பதில் என்ன சந்தோசம் இருக்கிறது என்று அவள் சொல்லும்போது எனக்கு விளங்கியதில்லை. அந்த நாட்களில் விளங்கியது. விடிந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

அவள் கவனிக்காமலில்லை. "உதிலை வழுக்குது. இந்தச் சனிக்கிழமை கொஞ்சம் கூடப் பிளீச்சிங் போடுங்கோ" என்றாள். போடுகிறேன் என்றேன். அடுத்த கிழமையும் சொன்னாள். தானே தேய்த்திருக்கலாம், அவளுக்கு அது ஒரு வேலையா? ஆனால் தும்புத் தடியை எடுத்தவள் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு, "நான் செய்தால் உங்கடை கை என்னெண்டு எழும்பும்?" என்றாள். எனக்காக விட்டாள். அதன் பிறகு அந்த இடத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

முதல் வியாழக்கிழமை காலை நான் கொஞ்சம் மெதுவாக இருந்தேன். சுடுதண்ணீர் ஆறிவிட்டது என்று மறுபடி கேட்டேன். கண்ணாடியைக் காணவில்லை என்றேன். அவள் தேடி எடுத்துத் தந்தாள். சீலை உடுத்து, பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றவள், "ஐயோ, கன்றுகளுக்குத் தண்ணி விடேல்லை" என்று பின்பக்கம் ஓடினாள். அறுபத்தொன்பது வயதில் ஓடினாள், தம்பி. நிரோஜா இன்னும் வந்துசேரவில்லை. குசினி வாசலில் நின்று பார்த்தேன். வாளி உருண்ட சத்தம்தான் முதலில் கேட்டது.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டாள். நான் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று நின்றேன். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. இரண்டாவது முறை, "இஞ்சருங்கோ, என்னைத் தூக்குங்கோ" என்றாள். அப்போது போனேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல டொக்டர். அவர்மேல் எந்தப் பிழையும் எழுதவேண்டாம். சத்திரசிகிச்சை செய்து எலும்பைப் பொருத்தினால் அம்மா மறுபடி நடப்பா, நெஞ்சும் பரிசோதித்துவிட்டோம், பயமில்லை என்றார். நான் வார்டுக்குள் போய் வினிபிரட்டிடம், உன்னுடைய தொய்வுக்கு மயக்க மருந்து கொடுத்தால் எழும்பாமலே போகலாம் என்கிறார் என்று சொன்னேன். அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நீ இல்லாமல் நான் இருக்கமாட்டன்" என்றேன்.

அது பொய்யில்லை. அவள் வேண்டாம் என்று கையெழுத்து வைத்தாள். றோகான் கனடாவிலிருந்து ரெலிபோனில் சத்தம் போட்டான். அம்மாவின் விருப்பம் என்றேன். பிளேனுக்குப் பதிந்துவிட்டேன் என்றான். அம்மா தேறி வருகிறா, லீவு கிடைக்கும்போது ஆறுதலாக வா என்றேன். வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. அவளுக்குக் கஞ்சி பருக்கினேன். முதுகைத் துடைத்தேன். பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். நிரோஜா உதவிக்கு வந்தாள். அவள் வீட்டில் குழந்தை இருக்கிறது, நானே பார்ப்பேன் என்று அனுப்பினேன். கட்டிலில் கிடந்தபடியே கால் அசைக்கப் பழக்குவதற்கு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அம்மா நித்திரை என்று வாசல் படலையிலேயே சொல்லி அனுப்புவேன். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிட்டது. ஒரு கையால் எல்லாம் செய்ய முடியவில்லை, மற்றக் கையும் வந்து சேர்ந்துகொண்டது. முதலில் கரண்டி பிடித்தது. பிறகு அவளைத் தாங்கியது. பந்தால் வராத பலம் அவளைத் தூக்கியதில் வந்தது.

அவள் கட்டிலிலும் வரைந்தாள். யன்னலால் தெரிந்த பயித்தங்காய்ப் பந்தலை வரைந்தாள். 'இடுப்பு நோகுது. மூச்சு நல்லம்' என்று கீழே எழுதினாள். தூசி வருகிறது என்று கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். அங்கே யன்னல் மதிலைப் பார்த்தது. தோட்டத்துக்கு நான் தண்ணீர் விடவில்லை. கீரை முதலில் போனது. மாரி தொடங்கியபோது அவளுக்கு இழுப்புத் திரும்பியது. பம்பை லாச்சியிலிருந்து எடுத்து அவள் வாயில் பிடித்தேன். அவள் என் தோளைப் பற்றினாள், பழையபடி, விரல்கள் பதியும்படி.

ஒருநாள் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்தக் கிழமை நீங்கள் பிளீச்சிங் போட்டனீங்கள்தானே?"

"போட்டனான். மழையிலை கழுவுப்பட்டிருக்கும்."

"மழை பெய்யேல்லையே."

நான் துணியைப் பிழிந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். வரையப் போகிறவள் பார்ப்பதுபோல ஆறுதலாகப் பார்த்தாள்.

"என்ரை அவசரமாக்கும்" என்றாள். "உங்களுக்குத்தான் கரைச்சல் தாறன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

பரவாயில்லை என்றேன். மன்னித்தேன். அதற்குப் பிறகு அவள் கொப்பியைக் கேட்கவில்லை. எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று எடுத்துக்கொண்டேன். என்னோடு அதிகம் கதைக்கவும் இல்லை. மூச்சு வாங்குகிறவர்களுக்குக் கதைப்பது கஷ்டம்.

நேற்று விடிந்தபோது என் கையில்தான் தலை வைத்திருந்தாள். அது அமைதியான சாவு.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்று காலைவரை சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போதகர் வந்து அவளுடைய தலைமாட்டில் நின்று ஜெபம் செய்தார். முடித்துவிட்டு, என் வலது கையைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் உயர்த்தினார். "அக்காவின்ரை விசுவாசம் இந்தக் கையை எழுப்பிப்போட்டுது. தான் படுத்து இவரை நடக்க வைச்சவா" என்றார். பெண்கள் அழுதார்கள். ஸ்ரெல்லா கொப்பிகளைப் பெட்டியைச் சுற்றி அடுக்கப் போகிறாளாம்; என் கை வரைந்த பக்கத்தைப் பெரிதாக்கி வாசலில் வைக்கப் போகிறாளாம். வழியில் ஏதோ விமான நிலையத்திலிருந்து றோகான் ரெலிபோன் எடுத்து, "அம்மா உங்களைச் சுகப்படுத்திப்போட்டுத்தான் போயிருக்கிறா, அப்பா" என்று அழுதான்.

அவளா செய்தாள்? அவள் ஒன்றும் செய்யவில்லை. அவள் படுத்துக் கிடந்தாள். சீமெந்தை நனைத்தவன் நான், கிடுகு சாய்த்தவன் நான், டொக்டர் சொன்னதை அவளிடம் மாற்றிச் சொன்னவன் நான், படலையில் நின்று அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியவன் நான். இரவு பகலாக அவளைத் தூக்கி இந்தக் கையை எழுப்பியவனும் நான். அவள் வழுக்கி விழுந்ததுகூட அவளுடைய வேலை இல்லை. அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, நான் மின்விசிறிக்குக் கீழே இருக்க வேண்டுமா? பேனையைத் திறவுங்கள், தம்பி. விபத்து என்று எழுதிய இடத்தை வெட்டுங்கள். வினிபிரட்டை நான்தான் விழுத்தினேன், நான்தான் எழும்ப விடவில்லை. என் முழுப் பெயரையும் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் எழுத வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சொல் வாயில் நிற்பது தெரிகிறது. பொறாமை என்று போட்டுவிடாதீர்கள், அது பிழையான தகவல். அவளில் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? அவள் ஒரு நோயாளி.